சுவர் தாண்டிய ஜெபம்

புத்தாண்டு காலை ஆராதனையில் நான் கை தூக்கியதற்கு முழுக் காரணமும் பக்தி என்று சொல்ல முடியாது. "இந்த வருஷம் தினமும் குடும்பமாக உட்கார்ந்து ஜெபித்து, வேதத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து முடிக்கத் தீர்மானிக்கிறவர்கள் கை தூக்குங்கள்" என்று போதகர் கேட்டார். எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் என் ஆபீஸ் சூப்பிரண்டெண்ட். அவர் கை மேலே போயிற்று. அவர் கை போகும் இடத்துக்கு என் கையும் போவது ஏழு வருஷத்து ஆபீஸ் பழக்கம். தூக்கிய பிறகுதான், பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி என்னைத் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்தேன். அந்தப் பார்வையில் சந்தோஷம் இருந்தது. அதைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சந்தேகம் இருந்தது.

எண்பதுகளின் கடைசி அது. சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டின் பின் போர்ஷனில் குடியிருந்தோம். நான், மனைவி, ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம்தான். வீட்டில் வேதம் இல்லாமல் இல்லை. அலமாரியின் மேல்தட்டில் பத்திரமாக இருந்தது. அதற்குள் ரேஷன் கார்டும் மகளின் தடுப்பூசி அட்டையும் பத்திரமாக இருந்தன.

கை தூக்கியவர்களுக்கு வாசலில் ஆளுக்கொரு அட்டவணை கொடுத்தார்கள். மற்ற நாட்களில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. வீட்டுக்கு வந்ததும் அதைச் சமையலறைக் காலண்டர் பக்கத்தில் ஒட்டிவிட்டு, "நாளையிலிருந்து காலை அஞ்சரைக்குக் குடும்ப ஜெபம்" என்று அறிவித்தேன்.

"அஞ்சரைக்கா? அப்போ தண்ணி யார் அடிக்கிறது?" என்றாள் மனைவி.

"அஞ்சு மணிக்கே எழுந்து அடிச்சிடலாம்."

"அடிச்சிடலாம்னா யாரு?"

இந்தக் கேள்விக்குப் பதில் மறுநாள் காலை ஐந்து மணிக்கு அடிபம்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தது. கையில் ஐந்து குடம் தண்ணீரின் வலியோடு, கண்ணில் பாதித் தூக்கத்தோடு, உலகம் உண்டான கதையை நான் வாசிக்க ஆரம்பித்தேன்.

ஜெபத்தில்தான் சிக்கல் வந்தது. என் ஜெபம் நீளம். சின்ன வயதிலிருந்து கூட்டங்களில் கேட்டுக் கேட்டு வந்த நீளம். உலக சமாதானத்தில் கிளம்பி, தேசத் தலைவர்களையும் அதிகாரிகளையும் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறவர்களையும் தொட்டுக்கொண்டு சிட்லபாக்கம் வந்து சேர்வதற்குள் குக்கர் மூன்று விசில் கொடுத்துவிடும். மனைவியின் ஜெபம் சுருக்கம். ஆனால் விலாசத்தோடு வரும்.

"ஆண்டவரே, ஈரத் துண்டைக் கட்டில் மேல போடுற பழக்கத்தை இந்த வீட்டிலேர்ந்து எடுத்துப்போடும்."

அந்த வீட்டில் அப்படிப் போடுகிறவன் ஒரே ஒருவன். கண்ணை மூடிக் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறவன் நடுவில் மறுத்துப் பேச முடியாது. மறுநாள் என் முறை வரும்வரை காத்திருந்தேன். "ஆண்டவரே, சின்ன விஷயத்தைப் பெரிசு பண்ணாத மனசை எங்க எல்லாருக்கும் தாரும்" என்றேன். அதற்கு மறுநாள் அவள், "தப்பை ஒத்துக்கிற தாழ்மையைத் தாரும்" என்றாள். இப்படி ஆண்டவரை நடுவில் உட்காரவைத்து ஒரு வாரம் சண்டை போட்டோம். கடைசியில் மகள், கேட்காமலே, தானும் ஜெபம் பண்ணுவேன் என்றாள்.

"ஏசப்பா, அப்பாவும் அம்மாவும் உம்மகிட்ட சொல்றதை அவங்களே பேசிக்கட்டும். எனக்கு ஸ்கூலுக்கு லேட் ஆகுது. ஆமென்."

அதற்கப்புறம் துண்டை நான் கொடியில் போட ஆரம்பித்தேன். முழு வருஷத்திலும் என்னிடம் வெளிப்படையாகத் தெரிந்த முதல் ஆவிக்குரிய வளர்ச்சி அதுதான்.

ஜனவரி பாதி முடிவதற்குள் பதினோரு அதிகாரம் பின்தங்கிவிட்டேன். ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் பம்பில் வாஷர் போய்விட்டது, ஒரு நாள் காரணமே இல்லை. விட்டதை ரயிலில் பிடிக்கலாம் என்று சானடோரியம் ஸ்டேஷனில் ஏறியதும் வேதத்தைத் திறந்துகொண்டு நின்றேன். தினமும் மடியில் சூட்கேஸ் வைத்து ரம்மி ஆடும் கோஷ்டியில் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், டிபார்ட்மெண்ட் எக்ஸாமா?"

"இல்லைங்க, வேதம்."

"அப்படி ஓட ஓடப் படிக்கிறீங்களே. இதுல ஃபெயிலானா இன்னா பண்ணுவாங்க?"

அதை யோசித்துக்கொண்டே இறங்க வேண்டிய பூங்கா ஸ்டேஷனைக் கோட்டைவிட்டு பீச் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பினேன். ஆபீசில் தாமதக் கையெழுத்து. அன்றோடு ரயில் வாசிப்பை நிறுத்தினேன். உண்மையைச் சொன்னால், வீட்டு வாசிப்பையும் சேர்த்தே நிறுத்திவிட்டேன். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை அடிபம்படியில் வீட்டுக்காரர் வந்து நின்றார். அவர் அந்த ஊரின் பூர்வீகக் குடும்பம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலமெல்லாம் மனை மனையாகப் போய்விட்ட பிறகும், விவசாயம் செய்த ஞாபகத்துக்கு ஒரு பசுவையும் கன்றையும் வைத்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் விபூதி, தோளில் துண்டு. வீட்டின் முன் பாதியில் அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள்.

"சார், ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காதீங்க" என்றார்.

வீட்டைக் காலி பண்ணச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"அண்ணங்காரனுங்க எல்லாம் சேர்ந்து அந்தப் பையனைக் குழியில தள்ளி, வந்தவன் போனவன்கிட்ட வித்துட்டானுங்களே. அந்தப் பையன் இன்னா ஆனான்? மூணு நாளா சத்தத்தையே காணோம்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் சுவர் ஞாபகத்துக்கு வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு அது. இரண்டு போர்ஷனுக்கும் நடுவிலிருந்த சுவர் கூரையைத் தொடவில்லை. ஒரு முழம் கீழேயே நின்றுவிட்டது. பால் கறந்துவிட்டு வந்து காபி குடித்துக்கொண்டே, புருஷனும் பெண்டாட்டியும் தினமும் கதை கேட்டிருக்கிறார்கள்.

"நாளைக்குப் படிக்கிறேங்க" என்றேன்.

"இவ வேற, அந்தப் புள்ள செத்துட்டானான்னு கேட்டுகினே கீறா. கொஞ்சம் சத்தமா படிங்க. நடுவுல குக்கர் அடிச்சா நிறுத்தி ஆரம்பிங்க."

என் தீர்மானம் காப்பாற்றப்பட்டது இப்படித்தான். போதகர் சொல்லி நடக்காதது, மனைவியின் பார்வைக்கு நடக்காதது, சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள் என்றதும் நடந்தது. அட்டவணையின் வேகம் மட்டும் போயிற்று; நாளுக்கு ஓர் அதிகாரம், சில நாள் இரண்டு. அந்தப் பையன் ராஜாவுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்த நாளில், அந்தப் பக்கத்திலிருந்து "அப்படிப் போடு!" என்று குரல் வந்தது. அண்ணன்களை அவன் மன்னித்த இடத்தில் வீட்டுக்கார அம்மா மூக்கைச் சிந்தியது தெளிவாகக் கேட்டது. நாள் தவறினால் பம்படியில் விசாரணை வரும். பக்கம் தாண்டினால் அதுவும் பிடிபடும். வனாந்தரத்தில் ஆண்டவருக்குக் கட்டும் கூடாரத்தின் அளவுகளும் திரைச்சீலைகளின் கணக்கும் வந்தபோது நைசாக ஒன்றரை அதிகாரத்தை விழுங்கினேன். "இன்னா சார், கூடாரம் கட்டிகினு இருந்தாங்க, அதுக்குள்ள கிரகப்பிரவேசமே ஆயிடுச்சே?" என்று கேட்டார். முட்டுகிற மாட்டை அவிழ்த்துவிட்டால் மாட்டுக்காரன்தான் பொறுப்பு என்கிற சட்டம் வந்தபோது மட்டும், "அது நியாயம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

மாடு என்றதும் சொல்ல வேண்டும். அவருடைய பசுவைக் கட்டியிருந்த கொட்டகை எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே. சாணி நாற்றம், கொசு, ஈ எல்லாம் எங்களுக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக அதன் குரல். நான் வாசிக்கும்போது அமைதியாக இருக்கும். கண்ணை மூடி "எங்கள் அன்பின் பரலோகப் பிதாவே" என்றால் போதும், "அம்மா" என்று ஆரம்பிக்கும். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். மனைவி சிரிப்பை அடக்கத் தோளைக் குலுக்குவாள். என் ஜெபம் தேசத் தலைவர்களைக்கூடத் தாண்ட முடியாது.

சித்திரை வெயிலில் ஒரு நாள், இரவெல்லாம் கொசுக்கடியில் தூங்காமல் எழுந்து உட்கார்ந்தேன். வீட்டுக்காரர்கள் முந்தின நாளே மாடம்பாக்கத்தில் அவர் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அதனால் தைரியமாகச் சத்தமாகவே ஜெபித்தேன்.

"ஆண்டவரே, இந்த மாட்டை எங்க கண்ணுக்கு முன்னாலேர்ந்து அகற்றும். வீட்டுக்காரரோட கல் நெஞ்சை உடையும். குடியிருக்கிறவங்களும் மனுஷங்கதான்னு அவருக்கு உணர்த்தும். அவரைத் தாழ்த்தும், ஆண்டவரே."

மனைவி என் தொடையைக் கிள்ளினாள். ஆர்வத்தில் செய்கிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டினேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டம்ளரை டவராவில் வைக்கிற சத்தம் கேட்டது. மெதுவாக, யாருக்கும் கேட்கக்கூடாது என்று வைக்கிற சத்தம்.

"நேத்து சாயந்திரமே வந்துட்டாங்க. அதுக்குத்தான் கிள்ளினேன்" என்றாள் மனைவி.

அன்று மாலை ஆபீசிலிருந்து வந்தபோது கொட்டகை காலியாக இருந்தது. கழுவிவிட்டிருந்தார்கள். பசுவையும் கன்றையும் மாடம்பாக்கத்துத் தம்பி வீட்டுக்கு ஓட்டிப் போய்விட்டாராம். என் வாழ்க்கையில் இவ்வளவு சீக்கிரம் பதில் கிடைத்த ஜெபம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒருவருக்கும் அதனால் சந்தோஷமும் இல்லை. கன்றுக்குட்டியைக் காணோம் என்று மகள் அழுதுகொண்டிருந்தாள். எங்களுக்குப் பால் அந்தப் பசுவிடமிருந்துதான் வந்துகொண்டிருந்தது என்பதை, ஜெபிக்கும்போது நான் யோசிக்கவில்லை. இனி விடியும் முன்னே எழுந்து பால் டிப்போ வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசை முடிவதே ஐந்தரைக்குத்தான். மாடு போனது, அதோடு ஜெப நேரமும் போனது.

அவசரமாக ஆறு மணிக்கு உட்கார்ந்து வாசித்தோம். அந்தப் பக்கம் டம்ளர் சத்தமே இல்லை. வீட்டுக்காரர் பம்படிக்கு வரவில்லை. எதிரில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். கதை நல்ல இடத்தில் இருந்தது. கோட்டை மதிலே இடிந்து விழுகிற இடம். யாரும் "அப்படிப் போடு" என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மனைவியிடம், "இந்த விஷயத்துக்காக ஒரு வாரம் உபவாசம் இருந்து ஜெபிக்கலாம்னு இருக்கேன்" என்றேன்.

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அவர் பத்தடி தூரத்துல இருக்கார். அதுக்கு எதுக்குங்க உபவாசம்? போய் மன்னிப்புக் கேளுங்க."

போனேன். வீட்டுக்காரர் முற்றத்தில் உட்கார்ந்து, ஒன்றும் கட்டப்படாத ஒரு மாட்டுக்கயிற்றைத் திரித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் அப்படி ஜெபம் பண்ணினது தப்பு. மன்னிச்சிடுங்க" என்றேன்.

"நீங்க எங்கிட்டயா சொன்னீங்க? உங்க சாமிகிட்ட சொன்னீங்க. நடுவுல ஒட்டுக் கேட்டது எங்க தப்பு."

"இல்லைங்க, உங்ககிட்ட நேரா சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா, என் வூடு, என் மாடு, போய்யான்னு நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். அப்புறம் காபி குடிச்சிட்டு மாட்டை அந்தாண்ட கட்டியிருப்பேன். நீங்க நேரா மேலிடத்துக்கு எழுதிப் போட்டுட்டீங்க. மேலேர்ந்து ஆர்டர் வந்தா நான் இன்னா சார் பண்றது?"

கவர்மெண்ட் ஆபீசில் ஏழு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இது நன்றாகவே புரிந்தது. உள்ளேயிருந்து வீட்டுக்கார அம்மா வாசல்படிக்கு வந்தார்.

"மாடு கெடக்கட்டும் சார். மூணு நாளா இந்த மனுஷன் சரியா சோறு துன்னல. 'நான் கல் நெஞ்சக்காரனாடி?'ன்னு என்னையே கேட்டுகினு கீறாரு."

வீட்டுக்காரர் கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மனிதர், முகம் தெரியாத ஒரு பையனுக்காக அடிபம்படியில் வந்து நின்றவர். எங்கள் மகளுக்கு ஜுரம் வந்தபோது சைக்கிளில் வைத்து டாக்டரிடம் கூட்டிப் போனவர். மாதக்கணக்கில் தினமும் வேதத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு, நான் செய்தது இதுதான்.

"அது உங்க நெஞ்சு இல்லைங்க. என்னோடது" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "விடுங்க சார். ஞாயித்துக்கெழமை வர்றீங்களா? போய் ஓட்டிகினு வரலாம். கன்னுக்குட்டியைப் பிடிக்க ஒரு ஆள் வோணும்."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், வெள்ளைச் சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவுமாக அவரோடு மாடம்பாக்கத்துக்கு பஸ் ஏறினேன். திரும்பி வரும்போது நடை. அவர் பசுவைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். கன்றுக்குட்டியை நான் பிடித்தேன் என்று சொல்வதைவிட, கன்றுக்குட்டி என்னைப் பிடித்துக்கொண்டு போயிற்று என்பதுதான் சரி. ராஜகீழ்ப்பாக்கம் வருவதற்குள் இரண்டு முறை முள்வேலியில் சாய்ந்தேன். ஒரு ஷூவின் நிறம் மாறிவிட்டது. அங்கே பஸ்ஸுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றபோது பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. சூப்பிரண்டெண்ட். பின்னால் அவர் மனைவி.

"என்னய்யா இது கோலம்?"

"ஜெபத்துக்குப் பதில் சார்."

"எந்த ஜெபத்துக்கு?"

"தப்பான ஜெபத்துக்கு சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேறு பேச்சு வராததால், "வேத வாசிப்பு உங்களுக்கு எதுவரைக்கும் வந்திருக்கு சார்?" என்று கேட்டேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பின்னாலிருந்த அவர் மனைவி, "சொல்லுங்களேன்" என்றார். "போயிட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, அவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். அந்த வாரம் முழுக்க ஆபீசில் என்னிடம் மிக மரியாதையாக நடந்துகொண்டார்.

மாட்டுக்குக் கிணற்றுப் பக்கம் புதுக் கொட்டகை போட்டார். ஜன்னலுக்கு நான் கொசுவலை அடித்தேன். என் ஜெபம் பாதியாகக் குறைந்தது. யாரைப் பற்றியாவது குறை சொல்ல வாய் வந்தால், இதை அவரிடம் நேரே சொல்ல முடியுமா என்று ஒரு கணம் யோசிப்பேன். முடியும் என்றால் ஆமென் சொல்லிவிட்டு எழுந்து போய்ச் சொல்வேன். முடியாது என்றால் அதைச் சொல்வதிலேயே ஏதோ கோணல் இருக்கிறது என்று விட்டுவிடுவேன். வேதத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் கற்றுக்கொண்டதை நான் ஒரு கன்றுக்குட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கற்றுக்கொண்டேன்.

மழைக்காலம் முடிகிற சமயம், வீட்டுக்கார அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. கிளம்ப வேண்டிய அன்று காலை, நாங்கள் பாய் விரித்து உட்காரும்போது, இருவரும் முதல்முறையாகச் சுவரைச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அவர் நெற்றியில் எப்போதும்போல விபூதி. அந்த அம்மா கையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் கூடை.

"மேலிடத்துக்கு எழுதிப் போடுங்க சார்" என்றார் வீட்டுக்காரர். "மாட்டுக்குப் போட்டீங்களே, அந்த மாதிரி. நல்லா சத்தமா."

நான் கண்ணை மூடினேன். உலக சமாதானத்துக்கு வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. "எங்கள் அன்பின்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் நாக்கு எழும்பவில்லை. என் மனைவி நகர்ந்து போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆண்டவரே, அக்காவுக்குப் பயமா இருக்கு. அண்ணனுக்கும் பயமா இருக்கு, வெளியில சொல்ல மாட்டேங்கிறார். நீர் கூடவே இரும். ஆமென்."

வீட்டுக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். "அவ்ளோதானாம்மா?"

"அவ்ளோதாண்ணா. அவருக்குத் தெரியும்."

"நீ எப்பவும் இப்படித்தான் ஜெபிப்பியா?" என்று அவர்கள் போன பிறகு மனைவியிடம் கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அரிசி களையும்போதும் துணி அலசும்போதும் அப்படித்தான் என்றாள். ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது. நான்தான் அந்த வீட்டுக்கு ஜெபத்தைக் கொண்டுவந்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் அந்த அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். இறங்கியதும், கொடியில் மூன்று நாள் வேட்டி காய்ந்துகொண்டே இருப்பதைப் பார்த்து புருஷனைத் திட்டினார். அந்தத் திட்டைக் கேட்டுத்தான் எங்களுக்கு மூச்சே வந்தது. மறுநாள் காலை அஞ்சரைக்கு இருவரும் எங்கள் பாயிலேயே வந்து உட்கார்ந்தார்கள். அன்று வரிசைப்படி வந்தது வெறும் வம்ச வரலாறு. இன்னாருக்கு இன்னார் மகன், அவனுக்கு இவன் மகன் என்று அதிகாரம் முழுக்கப் பெயர்கள். தாண்டிவிடலாமா என்று மனைவியைப் பார்த்தேன்.

"படிங்க சார், பரவாயில்ல" என்றார் வீட்டுக்காரர், சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு. "அவங்களும் யாரோ பெத்த புள்ளைங்கதானே."

ஒரு பெயர் விடாமல் படித்தேன்.